வட சென்னையில் சிறிய கச்சேரிக் கூடம்: மூடாமல் நடத்த என்னென்ன வேண்டும்?

ஐம்பது பேர் உட்காரும் ஒரு மாடிக் கூடம். வாரம் இரண்டு நிகழ்ச்சி. ஒரு நாள் கானா, ஒரு நாள் பறை, இன்னொரு நாள் தண்டையார்பேட்டைப் பையன்கள் நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்த கிதார் குழு. இப்படி ஓர் இடத்தை இந்தப் பக்கம் தொடங்க வேண்டும் என்று பலரும் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் அப்படி ஒரு கூடத்தை இழுத்துப் பிடித்து நடத்துகிறவன் நான். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

திறப்பதற்கு ஒலிப்பெட்டியும் ஆர்வமும் போதும். தொடர்ந்து நடத்துவதற்குத்தான் காகிதம் வேண்டும். நான் பார்த்தவரை இங்கே மூடிய கூடங்கள் எதுவும் ஆள் வராமல் மூடவில்லை. கூட்டம் நன்றாக வந்துகொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுப் புகார், கட்டட உரிமையாளரின் மனமாற்றம், மின் வாரிய அபராதம் இவற்றில் ஏதோ ஒன்று வந்து பூட்டைப் போட்டது. இவை மூன்றையும் முன்கூட்டியே கட்டிப்போடும் வழியைத்தான் கீழே அதிகம் சொல்லியிருக்கிறேன். கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அந்தந்த அலுவலகத்தில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

1. முன்பணம் கொடுக்கும் முன் இடம் யாருடையது என்று பாருங்கள்

வட சென்னையில் கட்டடம் ஒருவருக்கும் மனை இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பது சாதாரணம். கோயில் மனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர், கட்டடத்தைத் தன் சொந்தச் சொத்தாகவே பேசுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அது வீடு. ஆனால் நாளைக்கு அறநிலையத் துறையிலிருந்து ஆள் வந்தால் உங்கள் ஒப்பந்தம் நிற்காது. ரயில்வே நிலம், துறைமுக நிலம் என்றாலும் இதே கதைதான். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்கிய வீடு என்றால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். குடிசை மாற்று வாரியம் என்று நாம் சொல்லிப் பழகிய அதே வாரியம்தான். ஒதுக்கீடு பெற்றவர் அதை வாடகைக்கு விட முடியாது.

கேட்டு வாங்க வேண்டியவை: தாய்ப் பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று (பதிவுத் துறை இணையதளத்திலேயே எடுக்கலாம்), கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, மின் இணைப்பு எண், கட்டட வரைபட அனுமதி. இவை எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயரில் பத்திரம், இறந்துபோன தாத்தா பெயரில் மின் இணைப்பு, பெரியப்பா பெயரில் வரி ரசீது என்று இருந்தால், அதைச் சரிசெய்து தருவதாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம்.

அடுத்து, தூரம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்கு அமைதி மண்டலம் வரும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை போன்றவை இருக்கும் தெருக்களில் வாடகை மலிவாகக் கிடைத்தாலும் ஆசைப்பட வேண்டாம். தெரு முனையில் இருக்கும் சின்ன நர்சரிப் பள்ளியைக் கூட வரைபடத்தில் அளந்து பாருங்கள்.

தண்ணீர் பற்றித் தரகரிடம் கேட்காதீர்கள், எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது என்று கடைக்காரர் சுவரில் கைவைத்தே காட்டுவார். புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடியில் தரைத்தளம் எடுப்பவர் ஒலிப்பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. முதல் மாடி கிடைத்தால் ஒலிக்கும் நல்லது, வெள்ளத்துக்கும் நல்லது. ஆனால் ஒரே மாடிப்படி உள்ள கட்டடம் தீயணைப்புத் துறையில் சிக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

2. 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

நம் ஊரில் வாடகை ஒப்பந்தம் என்றாலே 11 மாதம்தான். குடியிருப்புக்கு அது போதும். உங்களுக்குப் போதாது. சுவருக்குப் பலகை அடித்து, கதவு மாற்றி, தரையைச் சரிசெய்து முடிக்கவே இரண்டு மூன்று மாதம் போய்விடும். பிறகு கூட்டம் வரத் தொடங்கியதும், ‘இந்த இடத்துக்கு இவ்வளவு வருமானமா’ என்று உரிமையாளருக்குத் தோன்றும் நேரமும் ஒப்பந்தம் முடியும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும்.

குறைந்தது மூன்று ஆண்டுக் குத்தகையாகப் போட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்யுங்கள். 30 ஆண்டுக்குட்பட்ட குத்தகைக்கு மொத்த வாடகையும் முன்பணமும் சேர்ந்த தொகையில் 1 சதவீதம் முத்திரைத் தீர்வை. பதிவுக் கட்டணம் இன்னொரு 1 சதவீதம், அதிகபட்சம் 20,000 ரூபாய். மாதம் 30,000 ரூபாய் வாடகை, முன்பணம் 90,000 என்றால் மூன்று ஆண்டுக்கு 11,70,000 ரூபாய். ஆக முத்திரைத் தீர்வை 11,700, பதிவுக் கட்டணம் 11,700. இந்த 23,400 ரூபாயை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பிற்பாடு லட்சங்களை விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தின்படி (2017-இல் இயற்றப்பட்டது) ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்து மாத முன்பணம் கேட்பவரிடம் இதைப் பணிவாகச் சொல்லிப் பாருங்கள். ஐந்துக்காவது இறங்கி வருவார்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் வர வேண்டிய வாசகங்கள்:

- பயன்பாடு: ‘வணிகம்’ என்று மட்டும் எழுதினால் நாளைக்கு ‘நான் துணிக்கடை என்றுதான் நினைத்தேன்’ என்பார். ‘இசை நிகழ்ச்சி, ஒத்திகை, இசைப் பயிற்சி’ என்று பிரித்தே எழுதுங்கள்.
- உரிமம், மின் இணைப்பு மாற்றம் ஆகியவற்றுக்கு உரிமையாளர் கையெழுத்திட்டுத் தருவார் என்ற உறுதி.
- குடியிருப்பிலிருந்து வணிகமாக மாறுவதால் கூடும் சொத்து வரியை யார் கட்டுவது.
- இடையில் காலி செய்யச் சொன்னால் ஆறு மாத முன்னறிவிப்பு, ஒலித்தடுப்புக்குச் செலவிட்டதில் எவ்வளவு திரும்ப வரும்.

கடைசி வாசகத்துக்கு யாரும் எளிதில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பாதியாவது பேசி வாங்குங்கள்.

3. முதல் நிகழ்ச்சிக்கு முன்பே மின் இணைப்பை மாற்றுங்கள்

வீட்டு இணைப்பில் வணிகம் நடத்துவது மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆவது பிரிவில் அங்கீகாரமற்ற பயன்பாடு. எப்போதிலிருந்து இப்படி என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்து, உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கில் கணக்கிடுவார்கள். ஒரு சின்னக் கூடத்தை ஒரே மதியத்தில் மூட இந்தக் கடிதம் ஒன்று போதும். யாரும் புகார் தர வேண்டியதில்லை. கணக்கெடுக்க வருபவர் உள்ளே மேடையைப் பார்த்தாலே போதும்.

உரிமையாளரின் சம்மதக் கடிதம், குத்தகைப் பத்திரம், வரி ரசீது ஆகியவற்றோடு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் வணிகக் கட்டண மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதே மின்சுமையையும் கூட்டிக் கேளுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு, ஒலிப்பெருக்கி, மேடை விளக்கு எல்லாம் சேர்ந்தால் மும்முனை இணைப்புதான் சரிப்படும்.

கூடவே எர்த் வேலை. இந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் எர்த் கம்பி பேருக்கு இருக்கும், குழி வற்றிப்போயிருக்கும். மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்று அடிக்கும் கூடத்துக்குப் பாடகர் இரண்டாம் முறை வர மாட்டார். புதுக் குழி வெட்டி, மேடைக்குப் போகும் மின் இணைப்புக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) போடச் சொல்லுங்கள். கடற்காற்றில் பித்தளை முனைகள் பச்சை பூத்துவிடும். காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் என்றால் கேபிள் முனைகளை மாதாமாதம் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

4. மாநகராட்சி, தீயணைப்பு, வட்டாட்சியர்

முதலில் மாநகராட்சியின் தொழில் உரிமம். குத்தகைப் பத்திரம், உரிமையாளர் சம்மதம், வரி ரசீது, அடையாள அட்டை, பான் அட்டை, கட்டட வரைபடம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்தால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். எந்த வகைத் தொழில் என்ற பட்டியலில் உங்களுக்குப் பொருத்தமான பெயர் சட்டென்று கிடைக்காது. அருகில் வருவதைத் தேர்ந்தெடுத்து, இணைப்புக் கடிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உரிமத்தை மார்ச் மாதக் கடைசியில் புதுப்பிக்க ஓடாதீர்கள், பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

சொத்து வரியை உரிமையாளர் கட்டுகிறாரா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். பாக்கி இருந்தால் உங்கள் விண்ணப்பம்தான் நிற்கும். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. இதைச் சொன்னாலே பலர் கட்டிவிடுகிறார்கள்.

தீயணைப்பு உரிமத்தில் கண் வைக்க வேண்டியது ஆள் எண்ணிக்கை. தேசியக் கட்டட விதிகள் 50 பேரும் அதற்கு மேலும் கூடும் இடத்தைத்தான் ‘கூட்டம் கூடும் கட்டடம்’ என்று வகைப்படுத்துகின்றன. 49 பேர் என்று எழுதிவிட்டு 90 பேரை உள்ளே விடும் புத்திசாலித்தனம் வேண்டாம். ஒரு மின்கசிவு போதும், காப்பீடும் வராது, வழக்கும் வரும். இரண்டு வெளிவழி இருக்க வேண்டும், இரண்டும் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், நிகழ்ச்சி நேரத்தில் பூட்டு இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பது பின்வாசலைத்தான். அங்கேதான் எல்லோரும் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மின்சாதனங்களுக்குப் பக்கத்தில் கரியமில வாயு வகைத் தீயணைப்பான், வாசலருகே பொடி வகை.

பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம், 1965 உங்கள் கட்டடத்துக்குப் பொருந்துமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பொருந்தும் என்றால் கட்டட உறுதிச் சான்று முதலில் வேண்டும். பழைய ராயபுரம் வீடுகளில் மரத்தூலம் தாங்கும் மெட்ராஸ் தளம் இருக்கும். ஐம்பது பேர் ஒரே தாளத்துக்குக் குதித்தால் அது தாங்குமா என்பதை உங்களுக்காகவே ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

டீ, பஜ்ஜி விற்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு: ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் ஆண்டுக்கு 100 ரூபாய்.

5. ஒலி: பணத்தை இங்கே போடுங்கள்

விதி முதலில். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. அமைதி மண்டலத்தில் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. தனியார் இடத்திலிருந்து வரும் ஒலி, அந்த இடத்தின் எல்லையில், இந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மூடிய அரங்குகளுக்கு இரவு 10 மணிக்கு மேலும் விலக்கு உண்டு என்று யாராவது சட்டம் படித்துக் காட்டுவார்கள். அந்த விலக்கு அரங்குக்குள்ளேயே அடங்கும் ஒலிக்குத்தான். 9.30-க்குக் கடைசிப் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போகிறவர்களுக்கு மெட்ரோவும் கிடைக்கும்.

இனி வேலை. முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டுவது இன்னும் நிற்கவில்லை. அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வெளியே போகும் ஒலியை அது தடுக்காது. போதாக்குறைக்கு எளிதில் தீப்பற்றும். தீயணைப்பு ஆய்வில் அதை முதலில் பிய்க்கச் சொல்வார்கள்.

9 அங்குலச் செங்கல் சுவர் தன் வேலையை நன்றாகவே செய்யும். ஒலி தப்பிப்பது ஜன்னல், கதவின் அடி இடைவெளி, ஏ.சி. குழாய்க்குப் போட்ட ஓட்டை, மேலே போட்ட தகரக் கூரை ஆகியவற்றின் வழியாக. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: தெருப்பக்க ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடையுங்கள் (உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு). கனமான கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டை. முடிந்தால் இரண்டு கதவு, நடுவில் செருப்பு விடும் சின்ன இடம். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும். தகரக் கூரை என்றால் கீழே பாறைக் கம்பளி வைத்து இரட்டை ஜிப்சம் பலகையில் தனிக் கூரை. இதுதான் செலவில் பெரியது. இதற்குப் பணம் இல்லையென்றால் தகரக் கூரை இடத்தை எடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டாரைத் தூங்கவிடாமல் செய்வது பாடகர் குரல் அல்ல, அடித்தாளம். சப் ஊஃபர் (அடித்தாளத்துக்கான ஒலிப்பெட்டி) தரையில் நேரடியாக நின்றால் அதிர்வு தூண் வழியே கீழ்வீட்டுச் சுவருக்குப் போகும். கனமான ரப்பர் பாயின் மேல் வையுங்கள், அல்லது ஐம்பது பேர் கூடத்துக்கு அது தேவையா என்று யோசியுங்கள். டோலக்கும் பறையும் மைக் இல்லாமலேயே அந்த அறைக்குப் போதும். பறைக்கு மைக் வைக்கும் ஒலி அமைப்பாளரை நான் கூடத்துக்குள் விடுவதில்லை.

ஒரு சராசரி ஒலி அளவுமானி வாங்கி, நிகழ்ச்சி நாளில் பக்கத்து வீட்டு வாசலிலும் கீழ்வீட்டுக் கூடத்திலும் அவர்கள் முன்னிலையில் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். கைப்பேசிச் செயலி துல்லியமாகக் காட்டாது, ஆனாலும் எதுவும் இல்லாததற்கு அது மேல். புகார் வரும் நாளில் இந்த நோட்டு பேசும்.

அக்கம்பக்கத்துக்கு மாத நிகழ்ச்சிப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்து, உங்கள் கைப்பேசி எண்ணையும் போடுங்கள். 100-ஐ அழைப்பதற்கு முன் உங்களை அழைக்கும் பழக்கம் வர வேண்டும். மார்ச்சில் பொதுத் தேர்வு நாட்களில் வார நாள் நிகழ்ச்சி வேண்டாம். தெருவில் சாவு என்றால் அன்று நிகழ்ச்சி கிடையாது, இதில் விவாதமே இல்லை. அதைக் குழுக்களிடமும் டிக்கெட்டிலும் முன்பே எழுதிவிடுங்கள்.

6. காவல் நிலையம்

ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். எல்லை எது என்பதில் முதல் குழப்பம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு எல்லாம் சென்னை மாநகரக் காவல். எண்ணூர், மணலி பக்கம் போனால் மாநகராட்சி சென்னைதான், காவல் மட்டும் ஆவடி ஆணையரகம். தவறான அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் அவர்கள் திருப்பியனுப்பவும் மாட்டார்கள், அது அங்கேயே தூங்கும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அதிகபட்சம் எத்தனை பேர், குழுவின் பெயர், பொறுப்பாளர் இருவரின் கைப்பேசி எண், வண்டி நிறுத்துமிடம், பெண் தன்னார்வலர் எத்தனை பேர், கேமரா எங்கெங்கே. கூடவே உரிமங்களின் நகல். ஒரு மாதத்துக்கான நிகழ்ச்சிகளை ஒரே மனுவில் கொடுத்துப் பாருங்கள். சில அதிகாரிகள் ஏற்கிறார்கள். குறைந்தது பத்து நாள் முன்னதாக.

‘கானா’ என்ற சொல்லைக் கண்டதும் சிலர் முகம் மாறும். ‘ரௌடிப் பையன்கள் வருவார்களா’ என்று ஒரு நிலையத்தில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். சபா நடத்துகிறவரிடம் இப்படிக் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம். கோபப்பட்டால் மனுதான் தாமதமாகும். குழுவின் பெயரை மறைக்கவும் வேண்டாம். கடிதத்தில் ‘இசை நிகழ்ச்சி (கானா)’ என்று போட்டுவிட்டு, முந்தைய நிகழ்ச்சியின் புகைப்படங்கள், குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் தெரியும்படி, இரண்டு மூன்று இணையுங்கள். ஒருமுறை அந்தப் பகுதி உதவி ஆய்வாளரைக் குடும்பத்தோடு அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தவர்களுக்குப் பிறகு தொல்லை குறைந்திருக்கிறது.

மனுவை இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதி, முத்திரை, கையொப்பம் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாய்மொழியாக ‘நடத்திக்கொள்ளுங்கள்’ என்பது அனுமதி ஆகாது. சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார். தேர்தல் அறிவித்துவிட்டால் ஏற்கெனவே கிடைத்த அனுமதியும் செல்லுமா என்று மறுபடி கேளுங்கள்.

7. கணக்கு: டிக்கெட் காசில் கூடம் ஓடாது

வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இத்தகைய இடங்கள் மது விற்பனையை நம்பி ஓடுகின்றன. இங்கே சின்னக் கூடத்துக்கு அந்த வழி கிடையாது. எனவே அங்கிருந்து யாராவது வந்து சொல்லும் யோசனையை அப்படியே எடுக்காதீர்கள். ஒரு மாதக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். எண்களை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகை 30,000. மின்சாரம் 6,000. உதவியாள் சம்பளம் 12,000. தண்ணீர், துப்புரவு, உரிமச் செலவின் மாதப் பங்கு 4,000. மொத்தம் 52,000 ரூபாய்.

மாதம் எட்டு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் 200 ரூபாய் டிக்கெட்டில் 50 பேர் நிறைந்தால் வசூல் 10,000. அறுபது சதவீதம் குழுவுக்கு. ஐந்து பேர் குழு என்றால் தலைக்கு 1,200, அதற்குக் கீழே போவது நியாயமில்லை. மீதி 4,000-இல் ஒலி இயக்குபவருக்கு 1,000. கையில் 3,000. எட்டு நிகழ்ச்சிக்கு 24,000. எல்லா நாற்காலியும் நிறைந்த மாதத்திலேயே 28,000 ரூபாய் துண்டு விழுகிறது.

அதைப் பகல் நேரம் ஈடுகட்ட வேண்டும். ஒத்திகைக்கு மணிக்கு 250 என்று வாடகைக்கு விட்டால் மாதம் 80 மணி நேரத்துக்கு 20,000. சனி ஞாயிறு காலை டோலக், கீபோர்டு வகுப்பு: 20 பேர், தலைக்கு 800, ஆசிரியருக்குப் பாதி போக 8,000. இப்போது சமன். உங்கள் உழைப்புக்கு ஒரு பைசாவும் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்குகிறேன் என்று வருபவர்களை நான் திருப்பி அனுப்புகிறேன். ஆறு மாத வாடகையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாருங்கள்.

நாட்காட்டியும் கணக்கில் சேரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டுப் பணம் தெருவில் புரளாது, டிக்கெட்டை 100-க்கு இறக்குங்கள் அல்லது நிகழ்ச்சியைக் குறைத்து வகுப்பைக் கூட்டுங்கள். ஆடியில் அம்மன் கோயில் தோறும் இலவசக் கச்சேரி, உங்கள் பாடகர்களும் அங்கேதான் இருப்பார்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடிப் பக்கம் வண்டி வந்து சேராது. ஒலிப்பெட்டி சொந்தமாக இருப்பதன் அருமை அன்று தெரியும்.

இன்னொன்று, வெளியாட்களுக்குத் தெரியாதது. கானா பாடுபவருக்குச் சாவு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். உறவு, மரியாதை, அன்றைய வருமானம் எல்லாம் அதில் இருக்கிறது. ஒப்பந்த மீறல் என்று சண்டை போடாதீர்கள். ஒவ்வொரு கானா நாளுக்கும் பதிலுக்கு ஒரு குழுவிடம் பேசி வைத்திருங்கள்.

8. பாட்டு உரிமையும் வரியும்

குழு தன் சொந்தப் பாட்டைப் பாடினால், அதன் உரிமையை அவர்கள் எங்கும் எழுதிக் கொடுக்காத வரை, உங்களுக்குச் செலவு இல்லை. சினிமாப் பாட்டை மேடையில் பாடினால் பாடல் வரிக்கும் இசையமைப்புக்கும் ஐ.பி.ஆர்.எஸ். (பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் உரிமம் தரும் அமைப்பு) உரிமம் வேண்டும். ஒலிப்பதிவை அப்படியே போட்டால் அந்தப் பதிவின் உரிமையாளரிடமோ, அவர் சார்பில் உரிமம் தரும் பி.பி.எல். போன்ற அமைப்பிடமோ தனி உரிமம். கல்யாணத்தில் யாரும் கேட்பதில்லையே என்பார்கள். திருமணத்துக்கும் மதச் சடங்குக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, டிக்கெட் விற்கும் கூடத்துக்கு இல்லை. மாதத்தில் இரண்டு நாள் மட்டும் சினிமாப் பாட்டு என்று ஒதுக்கி, அந்த நாட்களுக்கு மட்டும் உரிமம் எடுப்பது சிக்கனம்.

ஜி.எஸ்.டி.: இசை நிகழ்ச்சி டிக்கெட் ஒருவருக்கு 500 ரூபாய் வரை விலக்கு. ஒத்திகை வாடகைக்கு அந்த விலக்கு இல்லை. ஆனால் சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவே தேவையில்லை. மேலே போட்ட கணக்கில் மாத வரவு டிக்கெட் 80,000, ஒத்திகை 20,000, வகுப்பு 16,000; ஆண்டுக்கு 13,92,000. விலக்குப் பெற்ற டிக்கெட் பணமும் இந்த 20 லட்சக் கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டார் அல்லது செவ்வியல் கலைஞருக்கு ஒரு நிகழ்ச்சிக்கு 1.5 லட்சம் வரையிலான ஊதியத்துக்கும் விலக்கு உண்டு.

உள்ளாட்சிக் கேளிக்கை வரி தனி. உங்கள் டிக்கெட்டுக்கு அது எவ்வளவு என்று மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள்.

9. நோட்டீஸ் வந்துவிட்டால்

வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், தெருவே படிக்கும். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, பதிலுக்கு எத்தனை நாள் என்று பாருங்கள். கெடு முடிவதற்குள் உரிமங்கள், ஒலி அளவு நோட்டு, பக்கத்து வீட்டாரின் கையெழுத்துக் கடிதம் ஆகியவற்றின் நகலோடு பதில் அனுப்பி, நேரில் விளக்க வாய்ப்புக் கேளுங்கள். புகாரின் நகல் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்று விட்டுவிட வேண்டாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். கூடத்தின் உரிமம் அவர்களில் ஒருவர் பெயரில் இருந்தால் அந்த வாசல் திறந்திருக்கும்.

டிக்கெட் பணத்தை நிகழ்ச்சி முடியும் வரை தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள். பூட்டு விழுந்த அன்றே எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்துவிட முடிந்தால், மறுபடி திறக்கும்போது அதே ஐம்பது பேர் வருவார்கள். குழுவுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த தேதிக்கு மாற்றி எழுதுங்கள். ஒலிப்பெட்டி, மிக்சர் வாங்கிய பில்களின் நகல் கூடத்துக்கு வெளியே, வீட்டில் ஒரு கோப்பில் இருக்கட்டும். சீல் வைத்த அறைக்குள் இருக்கும் பொருள் உங்களுடையது என்று காட்ட அவை வேண்டும். அவை இல்லாவிட்டால் பூட்டு திறக்கும் வரை உங்கள் மிக்சருக்காக நீங்களே காத்திருக்க வேண்டியிருக்கும்.